மாசக் கடைசியில் இன்சுலினைக் குறைத்துப் போடலாமா? பேனாவா, குப்பியா?

பெருங்குடி பிரபு:
வயது 24. பதின்மூன்றில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது, உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. ஓஎம்ஆரில் பிபிஓ வேலை, கைக்கு வருவது 23,000. இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் மாதம் 5, அதற்கே ஏறக்குறைய 3,500. ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய், நாளுக்கு நாலு என்றால் 2,400. வாடகைப் பங்கும் ஊருக்கு அனுப்புவதும் போனால் மிச்சத்தில் இதைத்தான் ஓட்ட வேண்டும். 20ஆம் தேதிக்கு மேல் ஸ்ட்ரிப் குத்துவதையே நிறுத்திவிடுவேன். போன மாதம் இன்சுலினையும் பாதியாக்கி, சோற்றை விட்டு முட்டையும் காயுமாகச் சாப்பிட்டேன். நான்காம் நாள் விடாத வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு. ரூம் நண்பன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினான். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறிவிட்டதாம். இரண்டு நாள் ஐசியூ பில்லுக்கு அப்பா வட்டிக்கு வாங்கினார். எங்கேதான் குறைப்பது? சொல்லுங்கள்.

கலைச்செல்வி:
தம்பி, முதலில் ஒன்று. வேறு எதில் வேண்டுமானாலும் கை வை, இன்சுலின் யூனிட்டில் வைக்காதே. பட்டினி கிடந்தாலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டுதான் இருக்கும், நமக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும்.
அப்புறம், பேனாவை விட்டு சாதாரண மனித இன்சுலின் குப்பிக்கு வா. 10 மில்லிக் குப்பியில் 400 யூனிட். உனக்கு மாதம் நாலு குப்பி போதும், ஆயிரத்துக்குள் முடியும். எனக்கு 22 வருஷமாகக் குப்பிதான், இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன். மாதம் ஒருமுறை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் சீட்டுப் போட்டு வாங்கிக்கொள்கிறேன், அங்கே இலவசம்.

திருவொற்றியூர் தேவா:
அக்கா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள். பிரபு ஷிப்டில் இருக்கிறான். குப்பியில் வரும் ரெகுலர் என்கிற சாப்பாட்டு நேர இன்சுலினைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்னாடி போட வேண்டும். போட்டபின் டீம் லீடர் கூப்பிட்டால் சாப்பாடு தள்ளிப் போகும். பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, அந்த என்பிஎச் என்கிற மெதுவான இன்சுலின் நாலைந்து மணி நேரம் கழித்து உச்சத்துக்கு ஏறும். இரவில் போட்டுப் படுத்தால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கும்.
நானும் செலவுக்குப் பயந்து மாறினேன். ஒருநாள் பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் தாண்டும்போது கை நடுங்கி சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. பையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்க விரலுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் பல்லால் கடித்துக் கிழித்து என் வாயில் கொட்டினார். அதற்கப்புறம் கடன் வாங்கியாவது பேனாதான்.

கலைச்செல்வி:
தேவா, நீங்கள் பட்டதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேனா வாங்கக் காசில்லாமல் பிரபு ஐசியூவுக்கே போய்விட்டான். மாசக் கடைசி வரை கையில் இருக்கிற சாதா இன்சுலின், 20ஆம் தேதி தீர்ந்துபோகிற உயர்ந்த இன்சுலினைவிட மேல். ஷிப்ட் நேரத்தை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ற அளவு போட்டுத் தருவார். கேட்காமல் மட்டும் மாற்றக் கூடாது.

ராயபுரம் மருந்துக்கடை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், கடையில் அடிக்கடி பார்க்கிற தப்பு இது. நம்மூர்க் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. மிச்சம் வீணாகக் கூடாதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுக்கிறார்கள். 10 கோட்டில் நிற்பது 25 யூனிட்! ஆள் போய்விடும். குப்பிக்கு மாறினால் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கார்ட்ரிட்ஜில் விடாதீர்கள்.
இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்ட்ரிப்புக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதம். பழைய விலையே சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

நந்தினி:
இரண்டு பேரும் பிரபுவின் சட்டைப் பைக்குள்ளேயே தேடுகிறீர்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம். நல்ல திட்டம், வாயார வாழ்த்துகிறேன். ஆனால் எனக்குத் தினம் நாலு ஸ்ட்ரிப் யார் தருகிறார்கள்? இன்சுலின் தந்துவிட்டு அளந்து பார்க்க வழி தராதது, வண்டியைக் கொடுத்துக் கண்ணைக் கட்டின மாதிரி. கேரளத்தில் டைப் 1 குழந்தைகளுக்கென்றே 'மிட்டாயி' திட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் டைப் 1 இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

திருவொற்றியூர் தேவா:
நந்தினி சொல்வது சரி. மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் இந்த 20ஆம் தேதிக்கு அவன் என்ன செய்வான்?

கலைச்செல்வி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். ஸ்ட்ரிப்பில் இப்படிச் செய், பிரபு. மீட்டரைப் பார்த்து வாங்காதே, ஸ்ட்ரிப் விலையைப் பார்த்து வாங்கு. மலிவான மீட்டருக்கு விலை கூடின ஸ்ட்ரிப் மாட்டி வைத்திருப்பார்கள். குத்துமுன் வெந்நீரில் கை கழுவி, கையைத் தொங்கப்போட்டு, விரலின் ஓரத்தில் குத்து. துளி நன்றாகத் திரண்டபின் ஸ்ட்ரிப்பை வை. துளி பற்றாமல் எரர் காட்டினால் 20 ரூபாய் குப்பைக்கு.
நாலு முறை முடியாத நாளில் விடிகாலையும் படுக்கப் போகுமுன்னும் தவறவிடாதே. உடம்பு சரியில்லாத நாளில் ஸ்ட்ரிப் செலவுக் கணக்கே பார்க்காதே.

திருவொற்றியூர் தேவா:
அக்கா, விடிகாலை, படுக்கை சரி. ஷிப்ட் நாளில் சாப்பிடுமுன் ஒன்றும் சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டோடு நிறுத்த நான் விடமாட்டேன். குப்பிக்கு மாறினால் முதல் இரண்டு வாரம் அதிகாலை மூன்று மணிக்கும் ஒருமுறை. அந்தச் செலவுக்குப் பணம் இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

பெருங்குடி பிரபு:
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். புதன்கிழமை எனக்கு வார விடுமுறை, ஜி.எச். போகிறேன். ஷிப்ட் அட்டவணையை அச்சடித்துக்கொண்டேன். மூன்று மணி ஸ்ட்ரிப்புக்கு ரூம் நண்பன் 500 தருகிறேன் என்கிறான், அலாரமும் அவன் போனில்தான். கலைச்செல்வி அக்கா, சீட்டுப் போட எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும்?

கலைச்செல்வி:
ஏழுக்கே வந்துவிடு. ஆதாரும் பழைய சீட்டுகளும் எடுத்துவா. இன்சுலின் கொண்டுபோக ஐஸ் வைத்த பிளாஸ்க் மறக்காதே, குப்பி ஐஸைத் தொடாமல் துணியில் சுற்று. சாப்பிட்டுவிட்டு வா, வரிசை நீளம்.