ஓரத்தில் நிற்கிற ஆட்களுக்கு ஒரு தொடர் சொல்லுங்கள்

ஹைக்யூ என்ற வாலிபால் அனிமேயின் நாலாவது சீசனை (2020இல் வந்தது) மறுபடி பார்த்து முடித்தேன். முதல் தடவை கினோஷிதாவைக் கவனிக்கவே இல்லை. கதாநாயகர்களின் பள்ளி அணியான கராசுனோவின் 7ஆம் நம்பர், பெரும்பாலும் பெஞ்ச்தான். இனாரிசாகி பள்ளி அணியுடனான ஆட்டத்தில் சர்வ் போட இறக்குகிறார்கள். அதிலும் பாயிண்ட் கிடைக்கவில்லை. ஆனால் எதிரணி அட்சுமுவின் சர்வை நம்ம அணி நிஷினோயா விரல்களால் மேலே தூக்கி எடுக்கிறானே, அதற்குப் பயிற்சியில் கூடவே நின்றவன் இவன்தான்! நிஷினோயா இவனுக்கு நன்றி சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கதாநாயகர்கள் ஹினாட்டா, ககேயாமா பற்றி எல்லாரும் பேசுகிறோம், சரி. இப்படி ஓர ஆளுக்கும் ஒரு நல்ல காட்சி கொடுத்த அனிமே வேறு எது? விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 25 எபிசோடுக்குள் முடிந்தால் நல்லது. தயவுசெய்து ஒன் பீஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.