கடைசி ஷாட் யாருக்கு? மைதானத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவைக் கோச்:

கூடைப்பந்து ஆட்டம். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். கடிகாரத்தில் எட்டு செகண்ட். பந்து நம்முடையது. டைம் அவுட் எடுத்துப் பசங்களைச் சுற்றி நிற்க வைத்தாயிற்று. யாரிடம் கொடுப்பது? பள்ளி, கல்லூரி, கிளப் என்று பல வருஷமாகக் கோச்சிங் கொடுக்கிறேன். இந்த ஒரு கேள்விக்காக அணிக்குள் வந்த மனஸ்தாபம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் ஆடியபோதோ பார்த்தபோதோ இது எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைம் அவுட்டில் நாம் முடிவு செய்ய வேண்டியது பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத்தான். ஷாட் யாருடையது என்பதை எதிரணி முடிவு செய்யும். நம் ஸ்டாரை அமுக்க அவர்கள் இரண்டு பேரை அனுப்பினால் எங்கோ ஒருவன் ஆளில்லாமல் நிற்பான். அவன்தான் அடிக்க வேண்டும், பெயர் என்னவாக இருந்தாலும்.

நான் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 1997 இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். சிகாகோவும் யூட்டாவும் 86–86. டைம் அவுட்டில் சிகாகோ ஸ்டார் மைக்கேல் ஜோர்டன் பக்கத்தில் இருந்த சக ஆட்டக்காரர் ஸ்டீவ் கெரிடம், யூட்டாவின் ஸ்டாக்டன் உன்னை விட்டு என்மேல் வருவார், தயாராக இரு என்று சொல்லிவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் போனார். சொன்னபடியே ஸ்டாக்டன் வந்தார், பந்து கெருக்குப் போனது. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) போடும் கோட்டுப் பக்கத்திலிருந்து கெர் போட்டார், ஐந்து செகண்ட் மிச்சம். ஆட்டம் 90–86, கோப்பை சிகாகோவுக்கு.

1993-இலும் இதே கதைதான். ஃபீனிக்ஸில் நடந்த ஆறாவது ஆட்டத்தின் கடைசி குவார்ட்டரில் அதுவரை சிகாகோ எடுத்த ஒன்பது பாயிண்டும் ஜோர்டனுடையது. வெற்றி ஷாட் ஜான் பாக்ஸனுடையது. பந்து ஜோர்டனிடமிருந்து பிப்பன், அவரிடமிருந்து ஹோரஸ் கிராண்ட், அங்கிருந்து வெளியே பாக்ஸன். 3.9 செகண்ட் இருக்கும்போது மூன்று பாயிண்ட், 99–98. கடைசி ஷாட்டுக்கே பேர்போன மனிதர் இரண்டு கோப்பைகளின் கடைசிப் பந்தையும் கையிலிருந்து விட்டுக் கொடுத்திருக்கிறார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கெருக்கு அந்தப் பாஸ் திடீரென்று வரவில்லை என்பது.

ஸ்காபரோ ரசிகர்:

கோச், நீங்கள் சொல்லுறதில பாதிக்கு நான் ஒத்துக்கொள்ளுறன். மிச்சப் பாதிக்கு 2019 தான் பதில். அந்த வருசம் ரொறன்ரோவில இருந்தவைக்கு ஒரே மாதத்துக்குள்ள ரெண்டு பாடமும் கிடைச்சது.

மே 12, பிலடெல்பியாவோட ஏழாவது ஆட்டம். உள்ள போக ரிக்கெற் இல்லை. வெளியில ஜுராசிக் பார்க் எண்டு சொல்லுற அந்தச் சதுக்கத்தில பெரிய திரைக்கு முன்னால சனத்தோட சனமா நிண்டனான். 90–90, மிச்சம் 4.2 செக்கன். எங்கட ரொறன்ரோ ஸ்டார் கவாய் லெனர்ட் அண்டைக்கு நல்லா எறிஞ்சவர் எண்டும் சொல்ல ஏலாது. முழு ஆட்டத்திலயும் 39 தரம் எறிஞ்சு 16 தான் விழுந்தது. கொஞ்சம் முதல் ஒரு ஃப்ரீ த்ரோவையும் விட்டவர். ஆனாலும் பந்து அவரிட்டத்தான் போகும் எண்டு அங்க நிண்ட சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிலடெல்பியாவின்ர பென் சிமன்ஸ் பின்னால துரத்திக்கொண்டு வாறார், ஏழடி ஜோயல் எம்பீட் முன்னால கையை நீட்டுறார், கவாய் வலது மூலை வரைக்கும் ஓடிப் போய் சரிஞ்சு எறியிறார்.

பந்து வளையத்தில நாலு தரம் துள்ளினது. எனக்குப் பக்கத்தில ஒரு வயசான ஐயா, எங்கட ஆள்தான், ரெண்டு கையையும் தலையில வைச்சுக்கொண்டு நிண்டவர். பந்து உள்ள விழுந்து சனமெல்லாம் கத்தத் தொடங்கின பிறகும் அவர் கையை எடுக்கேல்லை. திரையையே பார்த்துக்கொண்டு நிண்டார். என்பிஏயில ஏழாவது ஆட்டத்தை மணி அடிக்கேக்க எறிஞ்ச பந்தால வெண்டது அதுதான் முதல் தரம்.

இப்ப கேளுங்கோ. அண்டைக்கு அவரைச் சுத்தி ரெண்டு பேர். உங்கட கணக்குப்படி பாஸ் குடுத்திருக்க வேணும். ஆனால் 4.2 செக்கனில அவர் ஓடி முடிச்ச பிறகு இன்னொருத்தர் வாங்கி எறிய நேரம் எங்க? நேரம் இல்லாத இடத்தில ஆற்ற தலைக்கு மேலாலயும் எறியக்கூடிய ஒருத்தர் வேணும். அதுக்கு உயரம் வேணும், நீட்டுக் கை வேணும், ஒரு ஃப்ரீ த்ரோவை விட்டது மனசில நிக்காத குணமும் வேணும்.

அடுத்த பாடம் ஜூன் 10. கோல்டன் ஸ்டேட்டோட ஐந்தாவது ஆட்டம், வெண்டால் அண்டைக்கே கோப்பை. கவாய் தொடர்ந்து பத்துப் புள்ளி எடுத்து 103–97 எண்டு முன்னுக்கு வந்து நிண்ட ஆட்டம் கைவிட்டுப் போய் 106–105 எண்டு தோத்தம். கடைசிப் பந்தில கவாய்க்கு மேல ரெண்டு பேர் பாய்ஞ்சினம். அவர் எங்கட வான்வ்லீட்டுக்குக் குடுத்தார், வான்வ்லீட் மூலையில நிண்ட கைல் லாரிக்குக் குடுத்தார். லாரி எறிஞ்ச பந்தில கோல்டன் ஸ்டேட்டின்ர டிரேமண்ட் கிரீன்ர விரல் பட்டிட்டுது.

அதுக்குப் பிறகு வேலையிடம், கோயிலடி, பிள்ளையளின்ர பிறந்தநாள், எங்க போனாலும் ஒரே கேள்வி. கவாய் ஏன் எறியேல்லை? நான் அண்டைக்கும் சொன்னன், இண்டைக்கும் சொல்லுறன், அது சரியான பாஸ். லாரி அந்த அணிக்காக எத்தினையோ வருசம் உழைச்ச ஆள், எறியத் தெரிஞ்ச ஆள். கிரீன் அங்க எட்டிப் பிடிச்சது கிரீன்ர கெட்டித்தனம். மூண்டு நாளில ஓக்லண்டில நடந்த ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கோ. கடைசி அரை நிமிசத்தில கிரீனுக்கு மேலாலயே எறிஞ்சு 111–108 ஆக்கினது எங்கட சியாகம். லாரிக்கு 26, சியாகத்துக்கு 26, வான்வ்லீட்டுக்கு 22. கவாய்க்கும் 22 தான். அவையை நம்பிப் பந்தைக் குடுத்துக் குடுத்துத்தான் ரொறன்ரோ அந்த இடத்துக்கு வந்தது.

சென்னை பாயிண்ட் கார்டு:

எல்லாரும் ஷாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஆடிய பெண்கள் அணியில் கடைசி நிமிஷத்தை முடிவு செய்தது ஃப்ரீ த்ரோ. குவார்ட்டரில் ஒரு அணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து ஷாட் போடாத நேரத்தில் பிடித்து ஃபவுல் செய்தாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ. பின்தங்கிய அணி வேண்டுமென்றே பிடிக்கும், கடிகாரத்தை நிறுத்த அதுதான் வழி. யாரைப் பிடிக்கும்? ஃப்ரீ த்ரோ போடத் தெரியாதவளைத் தேடிப் பிடிக்கும்.

எங்கள் அணியில் அதிக பாயிண்ட் எடுப்பவள் சென்டர். போர்டுக்குக் கீழே அவளை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் அவள் தோள் இறுகிப்போவது பெஞ்சில் இருப்பவர்களுக்கே தெரியும். பந்தை இரண்டு தடவை தட்டுவதற்குப் பதில் ஐந்து, ஆறு தடவை தட்டுவாள். ஒரு கல்லூரிப் போட்டியில், நெருக்கமாக முடிந்தால் பந்து இன்னொருத்தியிடம் போகும், நீ அவளுக்கு ஸ்க்ரீன் போட வேண்டும் (அவளைத் தடுக்க வருபவளின் வழியை மறித்து நிற்க வேண்டும்) என்று எங்கள் கோச் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காலையிலேயே சொல்லிவிட்டார். அந்த இன்னொருத்தி அதிகம் பேசாத பெண், ஆட்டத்துக்கு ஆறு பாயிண்ட் எடுத்தால் அதிகம். ஆனால் பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் ஷூவைக் கழற்றிய பிறகும் ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருப்பாள்.

ஆட்டம் நெருக்கமாகத்தான் போனது, ஒரு பாயிண்ட் பின்னால். சென்டர் போட்ட ஸ்க்ரீன் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பிடித்தார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது ரிங்கில் பட்டு வெளியே, இரண்டாவது உள்ளே. ஸ்கோர் சமம், அதனால் கூடுதல் நேரம், ஓவர்டைம். அதில் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் ஒருத்தியும் அந்த முதல் ஃப்ரீ த்ரோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, சென்டர் உட்பட. காலையிலேயே பேசி வைத்ததால்தான் அப்படி இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன். ஆட்டத்தின் நடுவில் திடீரென்று அவளிடமிருந்து பந்தை மாற்றியிருந்தால் அந்த வேன் வேறு மாதிரி இருந்திருக்கும்.

திருச்சி ஃபார்வர்டு:

சென்னை மேடம் சொன்ன மாதிரி முன்கூட்டியே பேசி வைப்பதுதான் விஷயமே. 1994-இல் சிகாகோவில் பிப்பனுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க அணியைத் தூக்கிச் சுமந்தவர் பிப்பன். நியூயார்க்குடன் மூன்றாவது ஆட்டம், 102–102, 1.8 செகண்ட். கோச் பில் ஜாக்ஸன் ஷாட்டை டோனி குகோச் போடும்படி திட்டம் வரைந்தார், வெளியிலிருந்து பந்தைப் போடும் வேலை பிப்பனுக்கு. பிப்பன் கோர்ட்டுக்குள் போகவே மறுத்துவிட்டார். குகோச் போட்டார், 104–102. ஜெயித்த அணியின் அறையில் சக ஆட்டக்காரர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பேச வேண்டி வந்தது.

கூடைப்பந்துக் கணக்கில் ஜாக்ஸன் சரி. குகோச் அந்த சீசனில் அப்படிப்பட்ட ஷாட்டை முன்பே போட்டிருந்தார். ஆனால் ஒரு வருஷ உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதனுக்கு அந்த டைம் அவுட்டில் அது எப்படி விழுந்திருக்கும்? என் கிளப்பிலும் இதே மாதிரி ஒதுக்கப்பட்ட ஒரு நண்பன் அந்த சீசன் முடியும்வரை யாருக்கும் மனசாரப் பாஸ் கொடுக்கவில்லை. கையில் பந்து வந்தால் நேரே ரிங்கைப் பார்ப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மதுரைத் தம்பி:

எனக்கு இதெல்லாம் சரியாப் படலை அண்ணா. 2007-இல் டெட்ராய்ட்டோட முதல் ஆட்டத்தில் கிளீவ்லாண்ட் ஸ்டார் லெப்ரான் உள்ளே புகுந்துட்டு, மூலையில் நின்ன டான்யெல் மார்ஷலுக்குக் கொடுத்தார். மிஸ். 79–76-னு தோத்தாங்க. அதே தொடரில் ஐந்தாவது ஆட்டத்தில் யாருக்கும் கொடுக்காம அணியோட கடைசி 25 பாயிண்டையும் தானே போட்டார். இரண்டாவது ஓவர்டைமில் 109–107, ஜெயிச்சாங்க. ஸ்டார்னா அதுக்குத்தானே? நான் காலேஜ் டீமில் இருக்கேன். எங்க ஸ்டார் பாஸ் கொடுத்தா எங்களுக்கே பயமா இருக்கு.

கோவைக் கோச்:

தம்பி, அந்த மார்ஷல் யார் என்று பார். அதற்கு முந்தைய ஆட்டத்தில், நியூஜெர்சித் தொடரை முடித்து வைத்த ஆட்டத்தில், ஆறு மூன்று-பாயிண்ட் ஷாட் போட்டவர். அவர் மூலையில் ஆளில்லாமல் நிற்கும்போது கொடுக்காமல் இருப்பதுதான் தப்பு. விழவில்லை என்பதற்காகப் பாஸைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரான் ஒற்றை ஆளைத் தாண்டி ரிங்குக்குப் போக வழி கிடைத்துக்கொண்டே இருந்தது, போனார். அதுவும் எதிரணி கொடுத்த முடிவுதான்.

ஆனால் நீ கடைசியில் சொன்ன வரி எனக்குக் கவலையாக இருக்கிறது. பாஸ் வந்தால் பயம் என்றால், உங்கள் பிராக்டிஸில் அந்தப் பாஸ் வருவதே இல்லை. நான் செய்வது இது. பிராக்டிஸ் கடைசியில், கோடு கோடாக ஓட விட்டு மூச்சு வாங்கும்போது, எட்டு செகண்ட் வைப்பேன், ஒரு பாயிண்ட் பின்னால். டிஃபென்ஸ் பசங்களிடம் மட்டும் காதோடு சொல்வேன், இந்த முறை ஸ்டாரை இரண்டு பேர் மறியுங்கள், அடுத்த முறை விட்டுவிடுங்கள் என்று. விழுந்ததா இல்லையா என்று நோட்டில் எழுத மாட்டேன். ஆளில்லாதவனிடம் பந்து போனதா என்று மட்டும் எழுதுவேன். ஸ்காபரோ நண்பர் சொன்ன மாதிரி சில நாள் எட்டை நாலாகக் குறைத்துவிடுவேன். அப்போது பாஸுக்கு இடமில்லை, உயரமான பையன் எழும்பி அடிக்க வேண்டியதுதான். சென்னை மேடம் சொன்ன ஃப்ரீ த்ரோக் கணக்கை இந்த வாரத்திலிருந்து சேர்க்கிறேன்.

இப்போது எங்கள் அணியில் கடைசிப் பந்து, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு கையில். அதிக பாயிண்ட் எடுக்கும் பையன் வலது மூலையில் நிற்பான். போட்டி தொடங்குமுன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாஸ் வந்தா நான் அடிக்கலாம்ல சார்?" என்று கேட்டான். கண்டிப்பாக அடிக்க வேண்டும் என்றேன். அன்று சாயங்காலமே வலது மூலைக்குப் போய்த் தனியாக ஷாட் போட ஆரம்பித்துவிட்டான்.