புதிய சிமுலேட்டர் வந்துவிட்டது: திருச்சி முனையத்தை எந்த நிலத்தில் கட்டுவது?

குடமுருட்டி (பாபநாசம்)

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை, கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்காகப் பதினான்கு மாதங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். கடையை மூடிவிட்டு இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை இதுதான் வேலை. 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த கட்டிடம் அது. முகப்பில் கோபுரச் சாயல், கோலங்கள், ஸ்ரீரங்கத்து வண்ணங்கள். அந்த இடத்தில் சிமுலேட்டர் தானாக வைக்கும் பொதுக் கட்டிடத்தைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் தொடங்கினேன்.

இப்போது 2024 பதிப்பு வந்து ஓராண்டு தாண்டிவிட்டது. எக்ஸ்-பிளேன் 12 என்ற வேறொரு சிமுலேட்டர் இன்னொரு பக்கம் வளர்கிறது. என் வேலை முடியும்போது அதை வாங்குகிறவர் எந்தத் தளத்தில் இருப்பார்?

என் வயதுக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். 2006இல் மைக்ரோசாஃப்டின் பழைய பதிப்பான எஃப்எஸ்எக்ஸ் வந்தது. 2009 ஜனவரியில் அதைச் செய்த ஏசஸ் ஸ்டுடியோவையே மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. உரிமம் பெற்று அந்த நிரலை எடுத்துச் சென்ற லாக்ஹீட் மார்ட்டின் அதைப் பிரிபேர்3டி என்று வளர்த்தது. 2017இல் நான்காம் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியது. நினைவகத் தட்டுப்பாடு தீர்ந்தது உண்மைதான். ஆனால் 32 பிட்டில் தொகுத்து வைத்திருந்த டிஎல்எல் (சிமுலேட்டரோடு இணையும் நிரல்) கோப்பு ஒன்றுகூட அதில் ஓடவில்லை. பிறகு 2020. இப்போது 2024. ஒவ்வொரு முறையும் நாற்றங்காலிலிருந்து தொடங்க வேண்டியவர்கள் நாம்தான். ஆட்-ஆன், அதாவது சிமுலேட்டரில் சேர்க்கும் கூடுதல் பகுதி, செய்பவன் குத்தகைக்காரன். உழைப்பு அவனுடையது, நிலம் அவனுடையதில்லை.

வெண்ணாறு (நீடாமங்கலம்)

அண்ணா, குத்தகை என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா குத்தகைக்கு உழுதவர். நிலத்துக்காரர் வெளியே போ என்றால் போவதற்கு அவருக்கு வேறு நிலம் கிடையாது. அதனால்தான் 1952இல் தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்கள் நிலை அதுவல்ல. உங்கள் முன்னால் கணினியில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்கள் என்று மூன்று நிலங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் உழுகிற ஆள் தேவை.

தேவை என்பதற்கு ஆதாரம் 2012. அந்த ஆண்டு பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் என்ற விளையாட்டு வந்தது. ஹவாய்த் தீவுகளோடு தொடங்கினார்கள், வெளியார் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி கதவை அடைத்துவிட்டார்கள். ஜூலையிலேயே அதன் பணிகள் நிறுத்தப்பட்டன. ஆட்-ஆன் செய்பவர்கள் இல்லாத சிமுலேட்டர் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. 2020 பதிப்பைச் செய்த அசோபோ நிறுவனம் வந்தபோது முதலிலிருந்தே நிரலாக்கக் கருவிகளைக் கொடுத்தார்கள் என்றால், அந்தப் பாடம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. 2020இலிருந்து 2024க்குப் போவது 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போனது போன்றதல்ல. நீங்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாதிரி செய்து, ஜிஎல்டிஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவில் எடுக்கிறீர்கள். 2020க்குச் செய்த சீனரிகளில் (நில, கட்டிடக் காட்சிகளில்) பெரும்பகுதி புதிய பதிப்பிலும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்காரர்கள் எக்ஸ்பாக்ஸில் 2021 ஜூலையிலிருந்து இருக்கிறார்கள், 2025 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டார்கள். கணினி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பறக்கிறார்கள். சந்தை சுருங்கவில்லை, விரிந்திருக்கிறது.

கொள்ளிடக்கரை (திருவானைக்காவல்)

நான் எதையும் செய்கிறவன் இல்லை, வாங்குகிறவன். ஒரே விமானத்தை மூன்று தளங்களுக்கு மூன்று முறை பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். குடமுருட்டி ஐயாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. வாங்குகிறவர்களுக்கும் அதே வருத்தம் உண்டு என்பதைப் பதிவு செய்கிறேன்.

குடமுருட்டி

வெண்ணாறு தம்பி, மூன்று நிலம் என்கிறீர்கள். கன்சோல்கள் என்கிற நிலத்துக்கு வாசல் ஒன்றுதான். கணினியில் என் கோப்பை வாடிக்கையாளர் தானே கம்யூனிட்டி கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் அந்தக் கோப்புறையே கிடையாது. அவர்களுடைய மார்க்கெட்பிளேஸ் என்கிற கடை வழியாக மட்டுமே நுழைய முடியும். எப்போது வெளியாகும், எப்போது திருத்தம் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவர்கள் கையில். 2024 பதிப்பில் உலகத்தின் பெரும்பகுதியும் விமானங்களும் தேவைப்படும்போது சர்வரிலிருந்து வருகின்றன. 2024 நவம்பர் 19 அன்று வெளியான நாளில் சர்வர்கள் திணறி, உலகம் முழுக்க ஆட்கள் ஏற்றுதல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லாரும் அறிவோம்.

இன்னொருவர் வாசலை நம்பியதால் பட்ட அடி எனக்கு ஒன்று உண்டு. பழைய காலத்தில் என் முதல் சீனரியை ஓர் இணையக் கடை விற்றுக்கொடுத்தது. ஒருநாள் அந்தக் கடையே இல்லை. கடைசி ஏழு மாத விற்பனைப் பணம் வரவேயில்லை, வாங்கியவர்கள் யார் என்ற பட்டியலும் என்னிடம் இல்லை. அவர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பக்கூட வழியில்லாமல் போனது. பணத்தைவிட அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நிலத்துக்காரரே நடவும் செய்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் பக்கிங்ஹாம் அரண்மனை அலுவலகக் கட்டிடம்போல் நின்றது. தனி ஆட்களும் நிறுவனங்களும் லண்டனைச் சரிசெய்ய உழைத்தார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டன், அயர்லாந்துக்கான உலகப் புதுப்பிப்பு இலவசமாக வந்தது. விலை வைத்து விற்றவர்கள் என்ன செய்வார்கள்?

வெண்ணாறு

லண்டனுக்கு வந்தார்கள். திருச்சிக்கும் தஞ்சைக்கும் யார் வரப்போகிறார்கள் அண்ணா? அந்த இடம் உங்களுடையதாகவே இருக்கும்.

குடமுருட்டி

வாங்குகிறவரும் வரமாட்டார் என்பதுதானே தம்பி அதன் மறுபக்கம்?

கொள்ளிடக்கரை

அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அக்காள் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாங்கியிலிருந்து திருச்சிக்கு ஓட்டுகிறான். நாலு மணி நேரம் முழுதாக உட்கார்ந்து ஓட்டிவந்து, கிழக்கிலிருந்து 27ஆம் ஓடுபாதைக்குத் துவாக்குடிப் பக்கமாக இறங்குகிறான். இறங்கும்போது எனக்கு வீடியோ அழைப்பு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் பகுதி ஆட்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தன் ஊர் தெரிய வேண்டும். அவன் கேட்டதைச் சொல்கிறேன்: "மாமா, மலைக்கோட்டை தெரிகிறது, ராஜகோபுரம் ஏன் அடுக்குமாடி வீடு மாதிரி இருக்கிறது?" 1987இல் கட்டி முடித்த, 236 அடி உயரமுள்ள கோபுரம் அவனுக்கு வீடாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்து கொடுப்பவருக்கு அவன் பணம் கொடுப்பான்.

பாமணி (மன்னார்குடி)

நான் சிமுலேட்டர் விமானங்களின் அமைப்புகளுக்கு நிரல் எழுதுகிறவள். சீனரியை மட்டும் வைத்துப் பேசினால் படம் பாதிதான்.

எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் நம் டிஎல்எல் சிமுலேட்டரின் உள்ளேயே ஓடும். எதையும் தொடலாம், நம் பிழையால் மொத்தமும் சாயும். 2020இலிருந்து நம் சி++ நிரலை வெப்அசெம்பிளி என்கிற வேலிக்குள் ஓட்டச் சொல்கிறார்கள். திரைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட். பாதுகாப்பு கூடியது, கை நீளம் குறைந்தது. அதனால்தான் 2022 மே மாதம் ஃபெனிக்ஸ் நிறுவனம் தன் ஏ320 விமானத்தைக் கொண்டுவந்தபோது அமைப்புகளின் கணக்கையெல்லாம் வெளியே தனி நிரலாக ஓட்டியது. கணினியில் அற்புதமாக வேலை செய்கிறது. கன்சோலில் வெளி நிரலுக்கு அனுமதியில்லை, ஆகவே அங்கே அது இல்லை. வெண்ணாறு சொல்லும் விரிந்த சந்தை எல்லாருக்கும் விரியவில்லை.

ஆனால் குடமுருட்டி அண்ணனோடும் முழுதாக உடன்பட முடியவில்லை. 2024 அக்டோபர் 11 நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140க்கும் மேற்பட்டோர் உள்ளே. எரிபொருளைத் தீர்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டது. எங்கள் வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சியில் அந்த வட்டத்தைப் பார்த்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். பத்திரமாக இறங்கியதும் என் மாமியார் அழுதுவிட்டார். மறுநாள் என் மகன் கேட்டான்: "ஹைட்ராலிக் போனால் விமானத்துக்கு என்ன ஆகும்?" 737இல் ஏ, பி என்று இரண்டு அமைப்புகள், காத்திருப்பில் மூன்றாவது. சக்கரத்தை இயல்பாக இறக்குவது ஏ, இறக்கையின் ஃப்ளாப்புகளை இயக்குவது பி. ஏ போய்விட்டால் சக்கரத்தைக் கையால் விடுவித்து இறக்க வேண்டும். இதைச் சிமுலேட்டரில் ஒவ்வொரு குமிழாகக் காட்டி அவனுக்கு விளக்க முடிந்தது, பிஎம்டிஜி போன்ற ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் உட்கார்ந்து அந்தக் குழாய்களையெல்லாம் கணக்காக எழுதியதால்தான். தளத்தோடு வரும் விமானங்கள் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. அங்கே நமக்கு இடம் இருக்கிறது.

இடையில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து. 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் இனிபில்ட்ஸ் நிறுவனம் செய்த ஏ310 விமானத்தை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். தளமே நல்ல நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிறது. இனிபில்ட்ஸுக்கு அது வாழ்வு. அதே தரத்தில் தனியாக ஒரு விமானம் செய்து இருபது டாலருக்கு விற்க நினைத்தவருக்கு அது முடிவு.

அரசலாறு (கும்பகோணம்)

விற்பதை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. எக்ஸ்-பிளேனுக்கு சீனரி கேட்வே என்ற பொதுத் தொகுப்பு இருக்கிறது. அதன் வேர்ல்டு எடிட்டர் கருவியில் விமான நிலையத்தைச் செய்து அனுப்பினால், அடுத்த பதிப்புகளில் எல்லாருக்கும் அது தானாகப் போய்ச் சேரும். ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் 1997லிருந்து திறந்த மூலமாகவே, நிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்ற வகையில், வாழ்கிறது. எந்த நிறுவனமும் அதை மூட முடியாது. நம் ஊர் முனையம் பொதுச் சொத்தாக இருக்கட்டும்.

குடமுருட்டி

அரசலாறு ஐயா, மாதச் சம்பளம் வருகிறவர் அப்படிச் சொல்லலாம். கடை வருமானத்தில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவன் நான். பதினான்கு மாத இரவுகளுக்கு ஒரு விலை கேட்பது பேராசை ஆகாது.

பாமணி

இலவசம் வந்தால் விற்பனை சாகும் என்பதும் சரியில்லை. ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 இலவசம், திறந்த மூலம், தரமும் உயர்ந்தது. அது இருக்கும்போதே ஃபெனிக்ஸ் விற்றது, இன்றும் விற்கிறது. அரசலாறு ஐயா, அண்ணனைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

அரசலாறு

கட்டாயப்படுத்தவில்லை அம்மா. சம்பளம் பற்றி அவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று: அவருக்குப் பின் அந்த முனையம் யாரிடம் இருக்கும்? அந்த இணையக் கடையோடு அவருடைய முதல் சீனரி போய்விட்டதே.

வெண்ணாறு

இடையில் ஒரு கேள்வி. திருச்சி முடிந்ததும் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தையும் செய்யலாமே? சுகோய் 30 பிரிவு 2020 ஜனவரியிலிருந்து அங்கே இருக்கிறது, ரசிகர்கள் கேட்கிறார்கள்.

குடமுருட்டி

மாட்டேன். அது படைத் தளம். செயற்கைக்கோள் படத்தில் என்ன தெரிந்தாலும், பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை அங்குலம் அங்குலமாகக் கட்டிக்கொடுப்பது என் வேலையில்லை. இதில் விவாதம் வேண்டாம்.

அரசலாறு ஐயாவின் கேள்விதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பாமணி சொன்ன ஆழம் விமானத்துக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றுகிறது. என் திரையில் கல்லணையைப் பார்க்கிறேன். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிற இடம். ஏதோ ஒரு நாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தைத் தரையில் விரித்திருக்கிறார்கள். புதிய தளங்கள் மரத்தின் நிறத்தைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுகின்றன, ஆற்றை மாற்றுவதில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்கிற வழக்கம் எந்த சர்வருக்கும் தெரியாது. ஏப்ரலில் மணல், ஆகஸ்டில் கரை தொடும் நீர், டிசம்பரில் சம்பா கதிர் பிடிக்கும்போது அந்தப் பச்சை. கஜாவில் போன தென்னந்தோப்புகள் வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பருக்கு முன் எப்படி இருந்தன, பின் எப்படி என்பதும் நமக்குத்தான் தெரியும். முனையத்தை மட்டும் செய்தால் நாளைக்கு அவர்களே செய்துவிடக்கூடும். ஆற்றோடு சேர்த்துச் செய்தால் எளிதில் செய்ய மாட்டார்கள்.

ஆகவே இப்படிச் செய்யப்போகிறேன். மூல மாதிரிகள் அனைத்தும் பிளெண்டரிலேயே, எந்தத் தளத்தின் வடிவத்துக்கும் கட்டுப்படாமல் இருக்கும். முதலில் 2020 பதிப்புக்கு, 2024இலும் சோதித்து, என் சொந்த இணையதளத்தில் விற்பேன். வாங்கியவர் பட்டியல் இந்த முறை என்னிடம் இருக்கும். அதே மாதிரிகளிலிருந்து எக்ஸ்-பிளேனுக்கும் எடுப்பேன். ஐந்து ஆண்டுக்குப் பிறகு மூலக் கோப்புகளைப் பொதுவில் வைத்துவிடுவேன். அரசலாறு ஐயா, இதை எழுத்தாகவே கொடுக்கிறேன்.

வெண்ணாறு

மார்க்கெட்பிளேஸ் இல்லையென்றால் கன்சோல் பிள்ளைகளுக்கு இல்லை என்றுதானே பொருள்? நம் ஊர்ப் பையன் ஒருவன் பிளேஸ்டேஷனில் திருச்சியில் இறங்கும்போது பொதுக் கட்டிடத்தைத்தான் பார்ப்பான். அந்தப் பையனை நீங்கள் விட்டுவிட்டீர்கள் அண்ணா. இது தவறு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

குடமுருட்டி

அந்தப் பையன் மனத்தில் இருக்கிறான். முனையத்தை மட்டும் எளிய வடிவில் பிறகு அங்கே அனுப்ப முடியுமா என்று பார்க்கிறேன். வாக்குக் கொடுக்க இயலாது.

அரசலாறு

ஐந்து ஆண்டு நீளம். மூன்றாக்குங்கள்.

குடமுருட்டி

நான்கு.

கொள்ளிடக்கரை

கல்லணை எனக்குப் பஸ்ஸில் போய்விடும் தூரம். மேட்டூரை மூடுவதற்கு முன்னால் இந்த வாரமே போய் நான்கு ஆறுகளையும் மேலிருந்தும் கரையிலிருந்தும் படம் எடுத்து அனுப்புகிறேன். மூடிய பிறகு, மணல் தெரிய ஆரம்பித்ததும், அதே இடங்களில் நின்று மறுபடி எடுக்கிறேன். எந்தெந்தக் கோணம் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள் ஐயா.