பாராட்டா, திட்டா? காவலியர் முதல் நான்சலன்ட் வரை உங்கள் அனுபவங்கள்

எதற்கும் அலட்டிக்கொள்ளாத போக்கைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. அவற்றில் எது பாராட்டு, எது திட்டு என்று வாசகர்கள் தங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள்.

சென்னை, மென்பொருள் துறை:

எங்கள் வாடிக்கையாளர் இங்கிலாந்தில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய சர்வர் படுத்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லோரும் பதறிக்கொண்டிருக்க, எங்கள் குழுவில் ஒருவர் "ஒன்றும் ஆகாது, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்புறம் வந்த மின்னஞ்சலில் அவருடைய போக்கை 'காவலியர்' என்று எழுதியிருந்தார்கள். இவர் இணையத்தில் தேடினார். இறகு வைத்த தொப்பியோடு குதிரைவீரன் படம் வந்தது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ராஜகம்பீரம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று எங்களிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்தார்.

குதிரைவீரன் சரிதான். 1642-ல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு எதிரணி வைத்த பட்டப்பெயர் அது. பகட்டும், யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்ற மிதப்பும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. இன்று ஒருவரைக் காவலியர் என்றால், அடுத்தவர் நஷ்டத்தை மதிக்காதவர் என்று குற்றம் சாட்டுவதாகும். மேலாளர் தனியே கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது. 'லெய்ட்-பேக்' என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. டென்ஷன் ஆகாத ஆள், அவ்வளவுதான்.

திருச்சி, ஆங்கில ஆசிரியை:

எங்கள் பக்கம் தொல்லை கொடுப்பது கேர்ஃப்ரீயும் கேர்லெஸ்ஸும். "என் தாத்தா கடைசிவரை கேர்லெஸ்ஸாக வாழ்ந்தார்" என்று ஒரு மாணவி கட்டுரை எழுதியிருந்தாள். கவலையில்லாமல் வாழ்ந்தார் என்று சொல்ல நினைத்திருக்கிறாள், பாவம். 'கேர்' என்றால் கவலையும் உண்டு, கவனமும் உண்டு. கவலை போனால் கேர்ஃப்ரீ, கவனம் போனால் கேர்லெஸ். இதை ஒருமுறை பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மறப்பதில்லை.

நான்சலன்ட் வேறு கதை. எங்கள் காலத்தில் அது, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்வுக்கான சொற்பட்டியலில் மனப்பாடம் செய்த சொல். இப்போது பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் ரீல்ஸ் பார்த்துவிட்டு ஒருவனையொருவன் அப்படிப் புகழ்ந்துகொள்கிறார்கள். பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேரில் இருக்கும் லத்தீனுக்குச் சூடாக இருப்பது என்று பொருள். ஆக, எதற்கும் சூடேறாதவன். நம் 'அலட்டிக்கொள்ளாதவன்' ஏறக்குறைய அதேதான். 'லாக்கடெய்சிக்கல்' என்ற சொல்லை மட்டும் யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது சுத்த மெத்தனம்.

கோவை, கிரிக்கெட் பைத்தியம்:

இங்கிலாந்தின் முன்னாள் பேட்ஸ்மேன் டேவிட் கோவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சா? அவர் மட்டையைச் சுழற்றிய அழகைப் பார்த்து நான்சலன்ட், லெய்ட்-பேக் என்று எழுதாத ஆங்கிலப் பத்திரிகை கிடையாது. ரன் வந்தால் அது நளினம், அவுட் ஆனால் அதே ஷாட் பொறுப்பின்மை. 1991 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கராராவில், குயின்ஸ்லாந்து அணியுடன் இங்கிலாந்தின் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சக வீரர் ஜான் மாரிஸும் அவரும் டைகர் மாத் என்ற பழைய சிறு விமானங்களில் ஏறி மைதானத்துக்கு மேலே தாழப் பறந்தார்கள். ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம். இதற்குத்தான் 'டெவில்-மே-கேர்' என்ற சொல் இருக்கிறது: சாத்தான் வேண்டுமானால் கவலைப்படட்டும்! அடுத்து வந்த அடிலெய்டு டெஸ்டில் கோவர், உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தைத் தூக்கியடித்து, அதற்கென்றே நிறுத்தியிருந்த ஃபீல்டர் கையில் கொடுத்தார். எதிர்முனையில் நின்றவர் கேப்டன் கூச். அவர் மனதில் ஓடிய சொற்கள் எந்த அகராதியிலும் இருக்காது.

துபாய்:

'பிளாஸே' என்ற சொல்லையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மாதம் பாதி விமானத்திலேயே இருப்பவர். விமானம் குலுங்கி நாங்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு மெனு அட்டையைப் புரட்டினார். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவரைச் சொன்ன சொல் அது. அவருக்குத் தைரியமும் இல்லை, ஜாலியும் இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.