சைட்டோகைனுக்குத் தமிழ்: உயிரணுத்தூதா, கலத்தூதா, வாயிலா?

அன்பர்களுக்கு வணக்கம். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உயிரணுக்கள் (செல்கள்) ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளிவிடும் புரதமான சைட்டோகைன் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுக்கச் சம்மதிப்பவருக்கு, அதில் எதைத் தேடுகிறார்கள் என்று புரிய வேண்டாமா? இப்போதைக்கு 'எதிர்ப்புப் புரதம்' என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?
– மதுரை

பொருந்தாது அம்மா. எதிர்ப்பு என்றாலே நல்லது என்று நினைத்துவிடுவார்கள். இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனை இந்நோயாளிகள் 18 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1987-இல் வெளிவந்தது. ஏழு பேருக்கு நோய் மறுபடி கிளம்பியது. இன்டர்ஃபெரான் பீட்டாவோ 1993-இல் அமெரிக்காவில் இதே நோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. காப்பதையோ கெடுப்பதையோ பெயரில் ஏற்றக் கூடாது. ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்குச் சொல்லி அனுப்புகிறது. 'உயிரணுத்தூது' போதும்.
– திருச்சி, மருத்துவர்

உயிரணு எதற்கு? கிரேக்கத்தில் 'கைட்டோஸ்' என்றால் உட்குழிந்த பாத்திரம். இலங்கைப் பாடநூலில் செல்லைக் கலம் என்றுதான் நாங்கள் படித்தோம். பாத்திரமும் கலமும் ஒன்றே. இவ்வளவு நேராகப் பொருந்தும் சொல் எத்தனைக்குக் கிடைக்கும்? 'கலத்தூது' என்க.
– யாழ்ப்பாணம்

இருவரும் தூதை விட மறுக்கிறீர்கள். தூது ஆர்.என்.ஏ. (மெசஞ்சர் ஆர்.என்.ஏ.) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, குழப்பாதா? தொல்காப்பியக் கற்பியலில் தோழி முதல் கண்டோர் வரை பன்னிரு வாயில்கள், அதாவது தலைவன் தலைவிக்கு இடையே தூது செல்வோர், உண்டு. வாயில் வந்தால் தலைவி நேரலாம் (இசையலாம்), மறுக்கலாம். தூது மூலக்கூறு வந்து நிற்க, உயிரணுவில் அதை ஏற்கும் புரதமான ஏற்பி இடம் கொடுப்பது வாயில் நேர்தல். கொடுக்காதது வாயில் மறுத்தல். ஒரு சொல்லைக் கொண்டால் ஒரு துறையே கூட வருகிறது. 'கலவாயில்' என்பது என் பரிந்துரை.
– தஞ்சாவூர்

ஐயா, படித்து மகிழ்ந்தேன். ஆனால் இன்று வாயில் என்றால் கதவுதான். நோயாளி செல்லில் ஓட்டை என்று எண்ணுவார். மேலும் மறுப்பது தலைவி; இங்கே வெளியிலிருந்து வரும் மருந்தல்லவா அடைக்கிறது? எல்லா மருந்தும் தூதை அடைப்பதும் இல்லை. இந்நோய்க்கான நடாலிசுமாப் என்ற மருந்து வெள்ளணுக்களை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. உள்ளே ஆள் குறைந்தால் தூதும் குறைகிறது. பி அணுக்கள் என்ற வெள்ளணு வகையை ஈர்க்கும் சி.எக்ஸ்.சி.எல்.13 என்ற தூது தண்டுவட நீரில் இறங்கினால் மருந்து பிடிக்கிறது என்று கொள்வது அப்படித்தான். அதே தூது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் சிபிலிசிலும் ஏறும். ஆகவே அது குறிப்பு மட்டுமே, சான்று ஆகாது. இன்னொன்று, அம்மா: உங்கள் கையேட்டு அட்டவணையில் நியூரோஃபிலமெண்ட் என்ற புரதத்தையும் தூதோடு சேர்த்திருக்கிறீர்கள். அது நரம்பிழை சிதையும்போது கசிகிற இடிபாடு, யாரும் அனுப்பியதன்று. பெயரைவிட இதைத் திருத்துவது அவசரம்.
– திருச்சி

அட்டவணையைப் பிரித்துவிட்டேன், நன்றி. உயிரணுத்தூதுக்கு ஐவர், கலத்தூதுக்கு இருவர். உயிரணுத்தூது என்றே போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் சைட்டோகைனும் உடன் நிற்கும்.
– மதுரை

போடுங்கள் அம்மா. இலங்கைப் பதிப்பு வரும்போது மட்டும் கலத்தூது என்று மாற்றித் தாருங்கள். எங்கள் நிர்ப்பீடனம் 'நோய் எதிர்ப்பு' ஆனதற்கே நான் இன்னும் உடன்படவில்லை.
– யாழ்ப்பாணம்