புதுப்பிப்பு: ஆர்ஆர் லைரே நேரம் தவறியது ஏன்

நாகமலை அடிவாரத்தில் பைனாகுலர் வழியாகப் பார்த்த ஆர்ஆர் லைரே என்ற பிரகாசம் மாறும் விண்மீன், மூன்று வாரம் முன்பு ஏறிய அளவுக்குப் பிரகாசம் ஏறவில்லை, உச்ச நேரமும் நகர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். கண் பிழை என்றார்கள் சிலர். இல்லை, இது பிளாஷ்கோ விளைவு.

இந்த விண்மீன் சுமார் 13 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது; அதோடு பிரகாசமும் ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பின் வீச்சும் (ஏறி இறங்கும் அளவு) கட்டமும் (உச்சம் வரும் நேரம்) ஏறக்குறைய 40 நாள் சுழற்சியில் மாறுகின்றன; இதுதான் பிளாஷ்கோ விளைவு. மூன்று வாரம் என்பது கிட்டத்தட்ட அரைச் சுழற்சி; அதனால்தான் வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது!

1907இல் செர்கேய் பிளாஷ்கோ வேறொரு விண்மீனில் இதைக் கண்டார். காரணம் பற்றி இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, உச்சங்கள் சில சமயம் ஒன்றுவிட்டு ஒன்று கூடிக் குறைவதையும் காட்டியது. மதுரையில் இருந்துகொண்டு அதைப் பிடிப்பது கஷ்டம்: ஒரே இரவில் அடுத்தடுத்த இரண்டு உச்சங்கள் கிடைக்காது.