புது டிஜிட்டல் பி.பி. மெஷின் ரீடிங்கைக் கூடுதலாகக் காட்டுகிறது, வாங்கலாமா? (அவசரம்)

சின்னகிளினிக்: டெமோவுக்குக் கொடுத்த மெஷினை எங்கள் பழைய மெர்க்குரி (பாதரச) பி.பி. கருவியோடு ஒப்பிட்டேன். கோரிலேஷன் (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; முழுமையானால் 1) 0.93. ஆனால் ரீடிங் கூடத்தான் வருகிறது. வாங்கலாமா? நாளைக்குள் பதில் சொல்லணும்.

வார்டுஅக்கா: எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள் டாக்டர்? ஒரே கையிலா? கஃப் (கையில் சுற்றும் பட்டை) என்ன சைஸ்? மாடல் பெயராவது சொல்லுங்கள், சோதனையில் தேறிய மெஷின்களைச் சொல்லும் ஸ்ட்ரைட் பி.பி. பட்டியலில் இருக்கிறதா பார்ப்போம்.

பேட்டரிபாலு: முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீரும்.

கணக்குவாத்தியார்: இதை இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவது? மெஷின் எல்லோருக்கும் சரியாக 20 கூட்டிக் காட்டினாலும் கோரிலேஷன் 1 தான் வரும். புள்ளியியல்காரர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள், டாக்டர்கள்தான் படிப்பதில்லை. ஆளாளுக்கு வித்தியாசத்தை எடுத்து, சராசரியும் எஸ்.டி.யும் (வித்தியாசம் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) போடுங்கள்.

சின்னகிளினிக்: நாற்பது பேர் இருக்கும். சிஸ்டாலிக் (மேல் எண்) மெஷினில் சராசரி 9 கூட, எஸ்.டி. 7. வலது கையில் மெர்க்குரி, இடது கையில் மெஷின்.

கணக்குவாத்தியார்: அப்படியானால் நூற்றில் 95 பேருக்கு வித்தியாசம் −5 முதல் +23 வரை எங்கேயும் விழலாம். பி.பி. மெஷின் சோதனைக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 81060-2 கேட்பது சராசரி 5-க்குள், எஸ்.டி. 8-க்குள். அதுவும் 85 பேரிடம்.

வார்டுஅக்கா: கைக்குக் கை பி.பி. மாறும் டாக்டர். ஒரே கையில், கொஞ்சம் இடைவெளி விட்டு மாற்றி மாற்றி எடுங்கள். கஃப் கேட்டேனே? பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் கூடத்தான் காட்டும்.

பழையஸ்டெத்: மெர்க்குரிக்கு நிகர் எதுவும் கிடையாது. டிஜிட்டல் எல்லாம் பொம்மை.

வார்டுஅக்கா: மெர்க்குரியில் கோடு 2-க்கு 2 இருக்கிறது சார். நோட்டில் மட்டும் எல்லாமே 120, 130, 140. ரவுண்ட் பண்ணாமல் அது எப்படி?

பழையஸ்டெத்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும்) பேஷண்டுக்கு உங்கள் மெஷின் என்ன சொல்லுமாம்?

பேட்டரிபாலு: மெர்க்குரிக் குழாய் உடைந்தால் யார் பெருக்குவது? மெர்க்குரியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தப்படி 2020-க்குப் பிறகு மெர்க்குரி பி.பி. கருவி தயாரிக்கவே கூடாது.

பழையஸ்டெத்: இருப்பதைத்தானே தம்பி வைத்திருக்கிறோம்!

சின்னகிளினிக்: ஒரே கையில் எடுத்தேன், பருத்த கைக்குப் பெரிய கஃப். சராசரி 4, எஸ்.டி. 6. வாங்கியாச்சு. நன்றி.

வார்டுஅக்கா: நல்லது. நாடி ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் ஸ்டெத் வைத்தும் பாருங்கள்.

கணக்குவாத்தியார்: இந்தத் தடவை எத்தனை பேர்? மாடல் எது?

பேட்டரிபாலு: பேட்டரி மாற்றினாரா இல்லையா?